விதைக் கம்பெனிக்காரர்கள் தங்கிய வாரம்

அல்வினா டிரைலிங் வாயில் எதுவும் நிற்காது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். யார் வீட்டில் கல்யாணம், யாருடைய டிராக்டர் ஏலத்துக்குப் போகிறது, புதுப் பாதிரியார் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், எல்லாமே அவளுடைய மோட்டலில் ஒரு காபி குடித்தால் தெரிந்துவிடும். அவளுடைய கொழுந்தன் லியோ அவளை 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவான். புருஷன் டிராக்டர் கவிழ்ந்து இறந்தபின், நிலத்தில் பாதியை விற்று ஊர்க்கோடியில், வழியில் போகிறவர்கள் தங்குகிற அந்த மோட்டலை வாங்கினாள். மிச்சப் பணத்தை ஊர் பேங்கிலேயே போட்டாள். எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு பேங்க்தான்.

எண்பத்தைந்தாம் வருஷ இலையுதிர்காலம் அது. எங்கள் கான்சஸ் மாநிலத்தில் கோதுமை விலை தரையைத் தொட்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு கார்கள் வரிசையாக மோட்டலுக்கு வந்தன. விதைக் கம்பெனி ஒன்றின் பெயரில் எல்லா அறைகளையும் ஏற்கெனவே பிடித்திருந்தார்கள். தலைவர் போல இருந்தவர் ஆர்லன் வுட்ரஃப், நரைத்த மீசைக்காரர்.

"என்ன விதைங்க விக்கிறீங்க?" என்று கேட்டாள் அல்வினா.

"எல்லா விதையும்தாம்மா" என்றார் அவர், சாவிகளை வாங்கிக்கொண்டே.

முன்னறையில் காபி குடித்துக்கொண்டிருந்த லியோ, அவர்களில் ஒரு பையனிடம் சோளத்தைப் பற்றி ஏதோ கேட்டான். பையன் திருதிருவென்று விழித்துவிட்டு, தலைவலி என்று அறைக்குப் போய்விட்டான். லியோ சிரித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான். அல்வினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லா ஷூக்களும் பளபளவென்று இருந்தன. எல்லா நம்பர் பிளேட்டும் தலைநகர் டொபீகா பக்கத்தது. ஒருவர் மட்டும் கனமான இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். துண்டு கொடுக்கப் போனபோது பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே முழுக்கப் பூட்டுகள், பூட்டு திறக்கிற கருவிகள்.

பேங்குகளைக் கண்காணிக்கிற மாநில அரசு ஆட்கள் இப்படித்தான் வேறு பெயரில் வந்து தங்குவார்கள் என்று பக்கத்து ஜில்லாவில் நடந்ததை அவள் கேள்விப்பட்டிருந்தாள். வந்தால், வெள்ளிக்கிழமை பேங்கை மூடிப் பூட்டையும் மாற்றிவிடுவார்களாம்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. பேங்க் கதவில் 'உங்கள் பணத்துக்கு அரசு காப்பீடு உண்டு' என்று ஒரு வில்லை ஒட்டியிருக்கும். தினமும் பார்க்கிறதுதான். ஆனால் அந்தக் காப்பீடெல்லாம் வருவதற்கு முன்னால், அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இதே ஊரில் வேறொரு பேங்க் மூடியது. மாடு விற்ற பணத்தை எடுக்க அப்பா போய் வரிசையில் கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால் பத்துப் பேர் இருக்கும்போதே கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தப் பணம் வரவே இல்லை. அந்தக் குளிர்காலத்தில் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்பதைப் பற்றி மட்டும் அல்வினா யாரிடமும் பேசியதில்லை.

மறுநாள் மதியம் பேங்குக்குப் போனாள். மொத்தத்தையும் எடுப்பதாகச் சீட்டில் எழுதி, கவுண்டரில் இருந்த தங்கை மகள் மார்செலினிடம் நீட்டினாள்.

"என்ன பெரியம்மா, எல்லாத்தையுமா?" மார்செலினுக்குக் குரல் தானாக உயர்ந்துவிட்டது.

பின்னால் நின்ற லியோ கழுத்தை நீட்டினான். "ஏ ரேடியோ, ஊரை விட்டு ஓடப் போறியா? யாரு அந்தப் புண்ணியவான்?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். அந்த வருஷம் எல்லோருக்குமே பயம் இருந்தது. தான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு மணி நேரத்தில் ஊரே இங்கே முண்டியடிக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. தனக்குக் கிடைத்துவிடும். கடைசியில் நிற்கிறவனுக்கு? மார்செலின் ஒன்றும் தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அல்வினா சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்தாள். "கண்ணாடி போடாம எழுதிட்டேன்டி. சில்லறை மட்டும் குடு, கல்லாவுல இல்ல."

மோட்டலுக்கு வந்ததும் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். முட்டாள், முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் பேங்க் மூடுகிற நேரத்தில் விதைக் கம்பெனிக்காரர்கள் ஒன்றாகக் கிளம்பினார்கள். பேங்கின் முன்வாசலில் வுட்ரஃப், பின்வாசலில் பூட்டுக்காரர். கொஞ்ச நேரத்திலேயே ஊர் மொத்தமும் பேங்க் வாசலில் கூடிவிட்டது. பெண்கள் சமையல் ஏப்ரனோடு வந்திருந்தார்கள். யாரோ ஒருவன் கதவைக் காலால் உதைத்தான்.

வுட்ரஃப் வெளியே வந்தார். தான் மாநில அரசின் பேங்க் துறை அதிகாரி என்று சொன்னார். அப்புறம் சுற்றி வளைக்காமல் பேசினார்.

"பேங்கை மூடியாச்சு. உங்க பணம் பத்திரமா இருக்கு. இன்னொரு பேங்க் இதை எடுத்துக்கிட்டாங்க. திங்கக்கிழமை காலைல இதே கதவு திறக்கும், இதே ஆளுங்க வேலை செய்வாங்க. நீங்க எழுதிக் குடுத்த செக் எல்லாம் செல்லும். ஒருத்தருக்கும் ஒரு சென்ட் குறையாது."

லியோதான் முதலில் வாயைத் திறந்தான்.

"பேங்க் செத்துப் போச்சுன்னா நான் வாங்குன கடனும் செத்துப் போச்சுதானே?"

"உங்க கடனுக்கு ஆயுசு கெட்டிங்க" என்றார் வுட்ரஃப்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அல்வினா நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. லியோ பக்கத்தில் குந்தினான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நேத்தே தெரியும்."

"தெரிஞ்சும் நீ சொல்லலையா? நீயா?" அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

நடந்தது என்னவென்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பேங்க் தலைவர் எங்கள் பணத்தைப் பினாமிப் பெயர்களில் தன்னுடைய மாட்டுப் பண்ணைக்கே கடனாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அரசு ஆட்கள் ஒரு வருஷமாக எச்சரித்தும் அவர் திருந்தவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பேங்கை வாங்க ஆளே கிடைத்திருக்காது என்றார்கள். பேங்க் தலைவரைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். லியோவின் கடனைப் புது பேங்க் நீட்டித்துக் கொடுத்தது. இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தான். எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. இரண்டு குடும்பம் நிலத்தை விற்றுவிட்டுப் போனது.

சனிக்கிழமை அந்த அரசு ஆட்கள் சாப்பிடக்கூட வெளியே வரவில்லை. அல்வினா கோஸும் மாட்டிறைச்சியும் வைத்து ரொட்டி சுட்டு, கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனாள். வுட்ரஃப் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

"பொய் சொல்லித் தங்கினதுக்கு மன்னிச்சுக்கணும்மா."

"பொய்யையாவது ஒழுங்காச் சொல்லக் கூடாதா? விதை விக்கிறவன் ஷூவுல கொஞ்சமாச்சும் மண்ணு ஒட்டியிருக்கணும்ங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலை அவர்கள் அறைகளைக் காலி செய்துவிட்டு, வாடகையைச் செக்காகக் கொடுத்தார்கள். அதை அவள் அன்றைக்கே பேங்கில் போட்டாள். பழைய பெயர்ப் பலகைமேல் புதுப் பெயர் எழுதிய துணியைக் கட்டியிருந்தார்கள். மார்செலின் அதே கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். "வேலை போகலை பெரியம்மா" என்று மட்டும் சொல்லி, செக்கில் முத்திரை குத்தினாள்.

அல்வினா மோட்டலுக்குத் திரும்பி, படுக்கை விரிப்புகளை எடுக்க முதல் அறைக்குள் போனாள். சும்மா கொஞ்ச நேரம் என்று கட்டிலில் சாய்ந்தவள், அசந்து தூங்கிவிட்டாள். மதியத்துக்குமேல் லியோ வந்து, காபி கேட்டு மணியை அடித்தபோதுதான் விழித்தாள்.