ஐம்பது ஆண்டு பேட்டரியும் ஆயுத பூஜையும்

அம்மாவின் பேஸ்மேக்கரில் பேட்டரி தீரப்போகிறது, தீபாவளிக்கு முன் மாற்றிவிட வேண்டும் என்று ஜொகூர் பாரு டாக்டர் சொல்லிவிட்டார். மாற்றுவது என்றால் மறுபடியும் நெஞ்சைக் கீறி, பழைய கருவியை எடுத்துப் புதியதை வைப்பது. அம்மாவுக்கு அதில் பயம். எனக்கு அவரைவிட அதிகம்.

இதில் வேடிக்கை, என் பிழைப்பே பேட்டரிதான். ஐம்பது ஆண்டு தாங்கக்கூடிய அணு பேட்டரியைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறேன். ஆராய்கிறேன் என்றால், கையால் ஒன்றும் செய்வதில்லை. கதிரியக்கத் துகள்களைக் கணினிக்குள்ளேயே ஒவ்வொன்றாகக் குறைக்கடத்திச் சில்லின்மேல் எறிந்து, எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று பார்ப்பேன். திரையில் அது அரை நூற்றாண்டு சளைக்காமல் ஓடும்.

"எனக்கு அதையே வச்சிடு லா, ஒரு வாட்டியோட போகட்டும்" என்பார் அம்மா.

"அது கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கும்மா."

"கம்ப்யூட்டர்ல இருந்து என்ன புண்ணியம்?"

என் பேராசிரியர்கூட இவ்வளவு நறுக்கென்று கேட்டதில்லை.

ஆயுத பூஜையன்று உலு திராமில் எங்கள் வீட்டில் குளித்துவிட்டு வந்தால், மேசைமேல் இருந்த மடிக்கணினியைக் காணோம். சாமி படத்துக்கு முன்னால், அப்பாவின் ஸ்பேனர்களுக்கும் அம்மாவின் தையல் மிஷினுக்கும் நடுவில், சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருந்த கணக்கு அதற்குள் இருந்தது. ஐம்பது ஆண்டு பேட்டரியை ஆராயும் அந்தக் கணினியின் சொந்த பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. வயரைப் பிடுங்கினால் அடுத்த நொடி அணைந்துவிடும். அணைந்திருந்தது.

"அலமாக்! யாரு பிடுங்குனது?"

"நான்தான். இன்னைக்கு ஊர்ல எல்லா மிஷினுக்கும் லீவு. அதுக்கு மட்டும் என்ன ஓவர்டைமா?"

அம்மா தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லீவு விஷயத்தில் அவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது. ஆனாலும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"எல்லாம் போச்சு! உங்களுக்காகத்தானே செய்றேன்?" என்று கத்தினேன்.

பச்சைப் பொய். அவருக்கு ஆபரேஷன் அடுத்த வாரம். என் பேட்டரி எந்தக் காலத்தில் வருமென்று எனக்கே தெரியாது. அது அவருக்கும் தெரியும்.

அம்மா கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை விரலில் தொட்டு, இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் தீப்பெட்டிபோல் புடைத்திருந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டார்.

"இதுவும் மிஷின்தானே" என்றார். "இதுக்கு மட்டும் லீவு வேணாம்னு சாமிகிட்ட சொல்லிட்டேன்."