சதுப்புக் காட்டில் ஏழு கிங்லெட்

டிசம்பர் பறவைக் கணக்கெடுப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது ஓரின் போன் செய்தார். ஊர்ப் பறவைப் பட்டியல் அவர் பொறுப்பு.

"வெர்னா, இந்தத் தடவை நீ வீட்லயே இருந்துடேன். ஜன்னலோரமா உக்காந்து, தீனித் தட்டுக்கு வர்றத எண்ணு. காபி குடிச்சிக்கிட்டே..."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

ஸ்கூல் பஸ் ஓட்டும் வெர்னா இருபத்தேழு வருடமாக ஊர் ஓரத்து ஸ்புரூஸ் மரச் சதுப்புக் காட்டில் பறவைகளை எண்ணுகிறாள். போன வருடம் அவள் தாளில் கிங்லெட் பறவை பூஜ்யம். அதே மதியம் யாரோ அங்கே ஒரு கூட்டத்தையே படம் பிடித்திருந்தார்கள்.

"சரி, போ. இந்த வருஷமும் பூஜ்யம்னா காட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்றார் ஓரின்.

கட்டைவிரல் அளவுப் பறவை கிங்லெட். இலைகளுக்கு மேலே, கம்பி இழுத்தாற்போல மெல்லிய குரலில் கத்தும். அந்தக் குரல் அவள் காதை விட்டுப் போய் மூன்று வருடமாகிறது. யாரிடமும் சொல்லவில்லை. காது போனால் என்ன, கண் இருக்கிறதே!

அந்தக் குளிரில் தனியாகப் போகக் கூடாது என்பது விதி. நாத்தனார் இங்காவைக் கூட்டிக்கொண்டாள்.

"உன் காதுல என்ன விழுந்தாலும் வாயத் திறக்கக் கூடாது" என்றாள் கிளம்பும்போதே.

"ஏன் அண்ணி?"

"திறக்காதன்னா திறக்காத."

காலையில் இரண்டு இடத்தில் இங்கா சட்டென்று நின்றாள், அண்ணாந்தாள், பிறகு பையிலிருந்த உருளைக்கிழங்கு ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டாள். வெர்னா பார்த்தாள். கண்ணீர் துளிர்த்து, இமையிலேயே உறைந்தது. ஆனாலும் என்ன கேட்டாய் என்று அவளிடம் விசாரிக்கவில்லை.

மூன்று மணி. இன்னும் பூஜ்யம். ஒரு மணி நேரத்தில் இருட்டிவிடும்.

அப்போது கருந்தொப்பிச் சிட்டுகள் சத்தம் போட்டன. அந்தத் தடித்த குரல் அவளுக்குக் கேட்கும். கிங்லெட் அவற்றோடுதான் திரியும். முழங்கால் ஆழப் பனியில் இறங்கி ஓடினாள். கழுத்து ஒடிய அண்ணாந்து, மூச்சைப் பிடித்து நின்றாள். காற்றே இல்லை, ஒரு கிளை நுனி மட்டும் நடுங்கியது. மஞ்சள் கோடு போட்ட சின்ன உச்சந்தலை! ஒன்று... மூன்று... ஏழு!

"ஏழு இங்கா!"

"யப்பா, இப்பவாவது பேசலாமா? பல்லக் கடிச்சுக் கடிச்சு வலிக்குது அண்ணி."

இரவு தேவாலயத்து நிலவறையில், எண்ணப் போனவர்கள் எல்லோருக்கும் சூப்பும் ரொட்டியும். ஓரின் பறவைப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"கிங்லெட்? சதுப்புக் காடு?"

ஏழு என்று சொன்னால் காடு அவளுடையது. ஆனால் காலையில் இங்கா நின்ற இரண்டு இடங்கள்? வெர்னா எழுந்தாள்.

"நான் பாத்தது ஏழு. இங்கா காதால கேட்டது எத்தனைன்னு அவளையே கேளு. எனக்கு அந்தச் சத்தம் கேக்கறதில்ல ஓரின். மூணு வருஷமா. போன வருஷப் பூஜ்யத்தை நம்பாத, பக்கத்துல எழுதி வை."

ஓரின் இங்கா பக்கம் திரும்பினார்.

"ரெண்டு" என்றாள் இங்கா மெதுவாக. "வேற வேற இடத்துல."

ஓரின் ஒன்பது என்று எழுதினார். பேனாவை மூடவில்லை.

"அடுத்த வருஷம் காட்டுக்கு யாரு பேரு எழுதறது?"

"ரெண்டு பேரு எழுது" என்றாள் வெர்னா. "என் பேரு முதல்ல."

"என்னை யாரும் கேக்கவே இல்லையே" என்றாள் இங்கா.

"வாயத் திறக்காத."