திருட்டுக் கற்பூரவல்லி

“புத்தகம் புடிச்ச கையில செடி வருமா?” என்று அம்மா கேட்டார், மாசாய் நகரில் நான் தனியாக ஃபிளாட் எடுத்தபோது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கிய கை இது. செடியும் வந்தது.

இன்று வேலை முடிந்து, கால் கடுக்க நான்கு மாடி ஏறியபோது ஒடித்த கற்பூரவல்லியின் காரவாசம் அடித்தது. என் தொட்டியருகே நின்ற பக்கத்து வீட்டு செல்வி அக்கா கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். இந்த மாடியில் என்னோடு நின்று பேசுபவர் அவர் ஒருவர்தான்.

சிறுவயதில் எங்கள் வாசலிலும் இதே வாசம். கேட்டு வாங்கிய செடி பிடிக்காது, திருடி நட்டால்தான் வேர்விடும் என்பது எங்கள் வரிசை வீடுகளின் நம்பிக்கை. யாராவது செடியருகே வந்தால் அம்மா வேண்டுமென்றே உள்ளே போய்விடுவார். அது புரியாமல் ஒருநாள் நான் கத்தினேன்: “அம்மா, மேரி ஆண்ட்டி திருடுறாங்க!”

எதிர்வீட்டு மேரி ஆண்ட்டி தண்டைப் போட்டுவிட்டுப் போனவர், பிறகு வரவே இல்லை. தினமும் அவரோடு குடிக்கும் தேநீரை அம்மா தனியாகக் குடித்தார்.

ஒரு காலை, இரவு ஷிப்ட் முடிந்த தூக்கக் கண்ணோடு அம்மா நேராக எதிர்வீட்டு வேலிக்குப் போய், செம்பருத்திக் கிளையைச் சத்தம் கேட்க ஒடித்தார்.

“அலமாக்! பட்டப்பகல்ல திருட்டா?” என்று ஆண்ட்டி ஓடிவந்தார்.

“ஆமாலா, போலீசக் கூப்புடு!”

இருவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இப்போது கட்டிலில் விழத்தான் என் உடம்பு கேட்டது. ஆனாலும் என் கதவைத் தாண்டி நடந்தேன். செல்வி அக்கா பார்க்கப் பார்க்க, அவர் வாசல் தொட்டியிலிருந்து பத்துமணிப் பூச்செடியின் ஒரு கிளையைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன்.