கொலைகார ராஜா வேஷம்

பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் கொலைகார ராஜா வேஷம் எனக்குக் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவள் நான். அந்த வேஷத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அண்ணனை வெட்டிச் சிம்மாசனம் ஏறிய அந்த ராஜாவுக்கு, அதன்பின் யாரைக் கண்டாலும் பயம். அந்தப் பயம் எனக்குத் தெரியும்.

கவரைப்பேட்டைப் பக்கம் எங்கள் ஊர்ப் பண்ணையார், மடை திறந்ததற்காக என் பெரியப்பாவை மண்வெட்டிக் காம்பால் மண்டை பிளக்க அடித்துக் கொன்றார். கேஸ் நிற்கவில்லை. ஆனால் அதன்பின் அவர் முதல் கவளத்தை நாய்க்குப் போட்டு, அது சாகவில்லை என்று பார்த்த பிறகே சாப்பிட்டார். அவர் வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளிய அம்மா தினமும் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொன்னாள்.

கடைசி ஒத்திகையில், ராஜா சாப்பிடும் காட்சியில் அதை அப்படியே செய்தேன். ராணியாக நடித்த பண்ணையார் மகள் என்னை அறைந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"எங்க நைனாவையா நடிச்சிக்கினு கீற?"

"நான் ராஜாவைத்தான் நடிச்சேன். உங்க நைனான்னு நீதான் சொல்ற."

"அதை எடுத்துடு. இல்லன்னா வேஷத்தை வேற பொண்ணுக்குக் குடுத்துடுவேன்" என்றார் டீச்சர்.

"குடுங்க டீச்சர். நாளைக்குள்ள யாரு மனப்பாடம் பண்ணுவா?"

டீச்சர் அடுத்த காட்சிக்குப் போகச் சொன்னார்.

மறுநாள் மேடையில் ராணி சோற்றுத் தட்டை நீட்டினாள். நான் ஒரு கவளம் உருட்டி, அங்கே இல்லாத நாய்க்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பின்வரிசையில் எங்கள் தெருக்காரர்களின் பேச்சு நின்றது. ராணியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.