வேர்க்காலியின் நிபந்தனை

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் பேசக் கூடாது என்ற நிபந்தனையை எழுதியவள் நான்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது. எழுதி முடித்துப் பேனாவை மூடியபோது எனக்கு அவ்வளவு பெருமை.

அந்த மே மாத விடுமுறைக்கு என்னைக் கடலூரிலிருந்து கிள்ளைக்கு, பெரியம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்குப் புதுச்சேரியில் ஆபீஸ் டிரெயினிங் என்று சொன்னார்கள். பெரியப்பா பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகு ஓட்டுபவர். பெரியம்மா வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைத்தாள். அவர்களுடைய ஒரே மகளான என் தங்கச்சி அப்போதுதான் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். நான் போன மறுநாள், சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த மாமாவும் வந்து சேர்ந்தார். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் கடைசித் தம்பி. அதுவரை எங்களோடு பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்திராத மாமா, அந்த விடுமுறையை முழுவதும் எங்களுக்கே கொடுத்தார். எங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா ஹாஸ்டலில் ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். அதற்குக் கட்டமும் கிடையாது, காயும் கிடையாது. இருபது முகம் கொண்ட நீலப் பகடை ஒன்று, ஒரு நோட்டு, மீதியெல்லாம் பேச்சு. மாமா கதை சொல்லிக்கொண்டே போவார். நாங்கள் அந்தக் கதைக்குள் இருக்கிற ஆட்கள். நான் வாள் வைத்திருக்கும் ராணி, தங்கச்சி வைத்தியர். 'கதவைத் திறக்கிறேன்' என்றால் பகடையை உருட்ட வேண்டும். விழுகிற எண்ணைப் பொறுத்துக் கதவு திறக்கும், இல்லையென்றால் உள்ளே இருப்பது நம்மேல் பாயும்.

நாலாம் நாள் கதை ஒரு காட்டுக்குள் நுழைந்தது. காட்டுக்குத் தேவதைகள் வேண்டும், ஆளுக்கொன்று உருவாக்குங்கள் என்றார் மாமா.

"வெளிநாட்டுப் படத்துல வர்ற மாதிரி வண்ணத்துப்பூச்சி ரெக்கையெல்லாம் வேணாம். நம்ம ஊரு காட்டுல இருந்தா எப்படி இருக்கும்னு யோசிங்க. ஒரு சக்தி, ஒரு பலவீனம், ஒரு நிபந்தனை. நிபந்தனை இல்லன்னா யாரு வேணும்னாலும் போயி பாத்துடலாம். அதுல என்னா இருக்குது?"

தங்கச்சி டிபன் பாக்ஸ் வைத்திருக்கும் ஒரு தேவதையை வரைந்தாள். பாக்ஸில் சோறு தீராது. தும்மல் வந்தால் சக்தி போய்விடும். பார்க்க வேண்டுமானால் கை கழுவிவிட்டு வர வேண்டும். மாமா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு இருபதுக்குப் பதினெட்டு மார்க் போட்டார். ராணிக்கு அது பொறுக்கவில்லை. மத்தியானம் முழுக்க மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து வேர்க்காலியை உருவாக்கினேன்.

சாண் உயரம். உப்புத் தண்ணீரில் நிற்கிற சுரபுன்னை மரத்தின் வேர் போல ஏழெட்டுக் கால்கள். நண்டுக் கண். ஓடையில் கடல் தண்ணீர் வடிந்திருக்கும்போது சேற்றுக்குள் தூங்கும், ஏறும்போது மேலே வரும். வெயில் பட்டால் சுருங்கிவிடும். கேட்கிற ஒரே ஒரு கேள்விக்கு உண்மையான பதில் சொல்லும். ஆனால் அதைப் பார்க்க விரும்புகிறவர் வேர் மேல் தனியாக உட்கார வேண்டும். யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் பேசக் கூடாது. பேசினால் அது திரும்ப வரவே வராது.

மாமா பத்தொன்பது போட்டார். தங்கச்சி நோட்டை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"அக்கா, என்னா கேட்டாலும் உண்மைய சொல்லுமா?"

"சொல்லும்."

"பெரியவுங்க சொல்லாததைக்கூடவா?"

"அதுக்குத் தெரியாதது ஒண்ணுமே கெடையாது" என்றேன். ஒரு மார்க் குறைந்துவிட்டதே என்று பொறாமைப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் பதினோரு மணி இருக்கும். பெரியம்மா கஞ்சி குடிக்கக் கூப்பிட்டபோது தங்கச்சி வரவில்லை. பக்கத்து வீட்டில் இல்லை. கடையில் இல்லை. அவளுடைய செருப்பு மட்டும் ஓடைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையின் முனையில் ஜோடியாகக் கிடந்தது. பெரியம்மா அதைக் கையில் எடுத்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

தெருவே கிளம்பியது. ஓடைக்கு அந்தப் பக்கம் சுரபுன்னைக் காடு. ஆம்பிளைகள் கரையில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெரியம்மாவின் குரல் கொஞ்ச நேரத்தில் கம்மிவிட்டது. யாரோ பெரியப்பாவுக்குப் போன் போட்டார்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. காலையில் சேறாகத் தெரிந்த இடத்தில் இப்போது கலங்கிய தண்ணீர் நகர்ந்துகொண்டிருந்தது.

கூப்பிடக் கூப்பிட அவள் வாயை இறுக்க மூடிக்கொள்வாள் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் அடி விழும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க முடியவில்லை. தண்ணீர் கரையில் நட்டிருந்த படகு கட்டும் கட்டையின் பாதிக்கு ஏறும் வரை நான் சும்மா நின்றேன். அந்தக் கொஞ்ச நேரத்தை யாருக்கும் இதுவரை நான் சொன்னதில்லை.

பிறகு மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, அவ அங்கதான் இருப்பா. பதில் பேச மாட்டா. வேர்க்காலி."

மாமாவுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. என்னைத் திட்டவில்லை. கரையில் இருந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்று கத்தினார். பிறகு என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"நான் கூப்பிட்டா வர மாட்டா. நீதான உண்டாக்குன? நீயே நிபந்தனைய மாத்து."

காட்டைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"வேர்க்காலி இன்னிக்கு வராது! வெயில் பட்டு சுருங்கிப் போச்சி! இப்ப பேசினா தப்பில்ல! நான் சொல்றேன், நான்தான் எழுதுனேன்!"

ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் வேர்களில் மோதுகிற சத்தம் மட்டும். மாமா என் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். நான் மறுபடியும் கத்தினேன். இலைகளுக்குப் பின்னாலிருந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு வெகுதூரம் இடப்பக்கம், மெல்லிய குரல் வந்தது.

"நெஜமாவா அக்கா?"

அதற்குள் பெரியப்பாவின் படகு வந்துவிட்டது. அவர் படகை நிறுத்தக்கூட இல்லை, துடுப்பைப் போட்டுவிட்டுக் குதித்தார். அவள் ஒரு வேரைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாளாம், இடுப்பு வரை தண்ணீர். தூக்கிக்கொண்டு வந்து கரையில் இறக்கியதும் பெரியம்மா அவள் முதுகில் இரண்டு போட்டுவிட்டு, அதே கையால் அணைத்துக்கொண்டு அழுதாள். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விருந்தாளி என்பதால் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

தங்கச்சி மட்டும் என்னை முறைத்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா வந்திருக்கும். நீ ஏன் கத்துன?"

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். என்ன கேட்கப் போனாய் என்று மாமா எவ்வளவு கெஞ்சியும் சொல்லவில்லை. சைக்கிள் எப்போது வாங்கித் தருவார்கள் என்று கேட்கப் போயிருப்பாள் என்று நான் முடிவு செய்தேன்.

ஜூன் மாதம் அம்மா வந்து என்னை அழைத்துப் போனாள். பாதியாக மெலிந்திருந்தாள். டிரெயினிங்கில் சாப்பாடு சரியில்லை என்றாள். நான் பத்தாவது போன பிறகுதான் அது மார்பில் வந்த கட்டி, புதுச்சேரியில் ஆபரேஷன் என்று சொன்னாள். சொல்லும்போது எல்லாம் சரியாகிவிட்டிருந்தது. அப்போதும் நான் இதையும் தங்கச்சி ஓடைக்குப் போனதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. போன வருஷம் சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்குப் போகிற பஸ்ஸில், காலேஜ் முடிக்கப்போகிற தங்கச்சியிடம், அன்றைக்கு வேர்க்காலியிடம் என்ன கேட்கப் போனாய் என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அம்மா கொல்லையில நின்னு போன்ல அழுதாங்க. சித்தி பொழைப்பாங்களான்னு கேட்டேன், ஒருத்தரும் சொல்லல. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாங்க. வேற யாருகிட்ட போயி கேக்கறது?" என்றாள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

அவளைக் காப்பாற்றிய அன்று சாயங்காலம் நான் அம்மாவோடு போனில் பேசினேன். நடந்ததை எல்லாம் பெருமையாகச் சொன்னேன். உண்மை சொல்லும் தேவதையிடம் என்ன கேட்கப் போனாள் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள், காப்பாற்றியவள் என்ற நன்றிகூட இல்லை என்று புகாரும் சொன்னேன். அம்மா பேசவே இல்லை. இரண்டு முறை 'அம்மா, அம்மா' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துப் போனை மாமாவிடம் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.