ஸ்காட்லாந்து அடுப்பு

எங்கள் அம்மா கடல் தாண்டி போர்ட் பிளேருக்கு வந்ததே ஒரு தனி அடுப்புக்காகத்தான். ஊரில் கூட்டுக் குடும்பத்தில் வெந்து தணிந்தவள். வந்து பார்த்தால், பத்துபஸ்தியில் அப்பா பிடித்திருந்த வாடகை வீடு பெரியப்பா குடியிருந்த மரவீட்டின் மறுபாதி. இரண்டு சமையலறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர் இருந்தது. அது போதும் என்று அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஒரு மழைக்காலத்தில் மெட்ராஸ் கப்பல் வரவே இல்லை. மண்ணெண்ணெய் தீர்ந்தது. விறகு நனைந்து, எரிவதை விட்டுவிட்டுப் புகைந்தது. பெரியப்பா அப்போது மாற்றலாகி கார் நிக்கோபார் தீவில் இருந்தார். பிள்ளைகள் இல்லாத பெரியம்மா அரை டின் மண்ணெண்ணெயோடு அந்தப் பக்கம் தனியாக இருந்தாள். கப்பல் வரும்வரை இரண்டு வீட்டுக்கும் பெரியம்மாவின் அடுப்பு ஒன்றே என்று முடிவானது. அப்பா சுவரில் இரண்டு பலகையைக் கழற்றி வழி செய்து, அவற்றை எங்கள் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

இதில் மாமாவுக்குத்தான் கொண்டாட்டம். அம்மாவின் தம்பியான அவர் எங்கள் வீட்டில் தங்கி, பரீட்சைக்காக இங்கிலாந்து சரித்திரத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியே அந்தக் கதைதான்க்கா. இங்கிலாந்து பெரிசு, ஸ்காட்லாந்து சிறிசு. இங்கிலாந்து ராணி வாரிசு இல்லாம..."

அம்மா முறைத்த முறைப்பில் ராணியை அங்கேயே விட்டுவிட்டு ராஜாவுக்குத் தாவினார். ஸ்காட்லாந்து ராஜாதான் இரண்டுக்கும் ராஜாவானாராம். ஆகவே அப்பாதான் இரண்டு வீட்டுக்கும் ராஜா. பின்னால் இரண்டும் ஒரே நாடானபோதும் ஸ்காட்லாந்து தன் சட்டத்தையும் தேவாலயத்தையும் விட்டுக்கொடுக்கவில்லையாம். ஆகவே ரசம் அம்மாவின் பொறுப்பு, இங்கிலாந்து தலையிடக் கூடாது.

இங்கிலாந்து தலையிட்டது. பெருங்காயம் போதாது என்றாள் பெரியம்மா. சிலர் குழம்பில் பெருங்காயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அம்மா அடுப்பிடம் சொன்னாள். அப்பாவோ தட்டோடு அந்தப் பக்கமே குடிபோய், அந்தக் குழம்பையே திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"லண்டன் போன ராஜா அப்புறம் ஒரே ஒரு தடவைதான் சொந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பார்த்தாராம்க்கா" என்றார் மாமா. அன்று மாமாவுக்கு ரசம் கிடையாது.

"கப்பல் வரட்டும். மறுநாளே பலகைய அடிச்சிரணும்" என்று அம்மா தினமும் சொன்னாள். எனக்கோ கப்பல் வரவே வேண்டாம் என்றிருந்தது. பெரியம்மா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்குமாக நினைத்தபோது ஓடுவது எனக்குப் பிடித்திருந்தது.

கப்பல் வந்தது, மண்ணெண்ணெயும் வந்தது. அதே வாரம் கார் நிக்கோபாரிலிருந்து வந்த ஒருவர், பெரியப்பாவுக்கு இன்னும் ஒரு வருஷம் அங்கேதான் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா கேட்டுக்கொண்டு உளுந்தை ஊறப்போட்டாள். பிறகு அம்மாவிடம், "நாளைக்கு தச்சு மிஸ்திரிய வரச் சொல்லியிருக்கேன். உன் அடுப்பு உனக்கு வேணும்ல" என்றாள்.

அன்று சாயங்காலம் மழை கொட்டியது. அம்மா கட்டிலுக்கடியிலிருந்து பலகைகளை இழுத்துக்கொண்டுபோய் வெளியே மழையில் சாத்திவைத்தாள். தூசி போகக் கழுவுகிறாள் என்று நினைத்தேன். எதற்கு என்று கேட்டதற்குப் போய்ப் படிக்கச் சொன்னாள்.

மறுநாள் மிஸ்திரி பலகையை வைத்துப் பார்த்தார், சுத்தியலால் தட்டிப் பார்த்தார். உப்பிப்போன பலகை இடத்தில் பொருந்தவில்லை. சீவிச் சரிசெய்கிறேன் என்று உளியை எடுத்தார்.

"ரஹ்னே தோ பய்யா" என்றாள் அம்மா இந்தியில். இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டாள். அந்த டீயைப் போட்டது பெரியம்மா.

அதற்குப் பிறகு பல வருஷம், தனியாகப் போய்விடப் போவதாகச் சொல்லிக்கொண்டே அம்மா பெரியம்மாவின் அடுப்பில் ரசம் வைத்தாள். ஸ்காட்லாந்தும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது என்றார் மாமா. எனக்கு அவருடைய சரித்திரம் பிடிபடவில்லை. உப்பிய பலகை வெயிலில் காய்ந்தால் பழையபடி சுருங்கிவிடும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.