யார் போடும் சோறு

அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலைக்குப் பஞ்சு பார்த்து வாங்கிப் போடுகிற வேலை எனக்கு. எங்கள் கரிசல் காட்டில் விளையும் பருத்தி ஆலையின் வாய்க்குக் காணாது. அதுவும் மழை பெய்தால் உண்டு, பொய்த்தால் இல்லை. அதனால் நாக்பூர், ராஜ்கோட், அதிலாபாத் என்று அலைந்தே பாதி ஆயுள் போயிற்று. முதலில் ரயிலில் அனுப்பினார்கள். ஆலைக்கு நல்ல காலம் வந்த பிறகு விமானத்தில் அனுப்பினார்கள். கூடவே பாங்க்காரர்கள் ஒரு கார்டைக் கொடுத்து, இதைக் காட்டினால் விமான நிலையத்து லவுஞ்சில் உட்கார்ந்து வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்றார்கள்.

பஞ்சு பார்க்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். ஒரு கொத்தைக் கையில் எடுத்து, இரண்டு பெருவிரலுக்கும் நடுவில் வைத்து இழுத்து, இழை எவ்வளவு நீளம், எவ்வளவு ஈரம், எடை ஏறுவதற்காக எவன் தண்ணீர் தெளித்திருக்கிறான் என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் எதைக் கண்டாலும் தரம் பிரிக்க ஆரம்பித்துவிடுவான். நான் லவுஞ்சுகளைத் தரம் பிரித்து வைத்திருந்தேன். எந்த ஊரில் இட்லி காய்ந்து கிடக்கும், எந்த ஊரில் சாம்பாரில் சர்க்கரை போட்டுக் கெடுப்பார்கள், எங்கே ஆரஞ்சுச் சாறு என்ற பெயரில் கலர்த் தண்ணீர் வரும், எங்கே காபி மிஷின் பாலுக்குப் பதில் வெந்நீரைத் துப்பும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இதைத்தான் அளப்பேன். கேட்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

இவ்வளவு சாப்பிட்டிருக்கிறேன், ஒரே ஒரு நாள் சாப்பிட்டதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. அது என் அக்காவோடு சென்னை விமான நிலையத்தில் இருந்த நாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அந்தப் பழைய சண்டையைச் சொல்லியாக வேண்டும். அவளைத் திருச்சுழியில் கட்டிக்கொடுத்திருந்தது. ஒரே மகன். என் மகளுக்கு முறை மாப்பிள்ளை. ஒரு நாள் எங்கள் வீட்டில் பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போது, “உன் மகள என் மகனுக்குக் குடுடா” என்று கேட்டாள். என் மகளுக்கு மேலே படிக்க வேண்டும் என்று ஆசை. அதைச் சொல்லியிருந்தால் அக்காவும் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் அதைச் சொல்லவில்லை. “மருந்துக் கடையில பொட்டணம் மடிக்கிறவனுக்கா எம் மகள வளத்தேன்?” என்று கேட்டுவிட்டேன். அக்கா சோறு கிடந்த தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து பஸ் ஏறிவிட்டாள்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்போம். மனசு முறிந்தால் பேச்சை நிறுத்தமாட்டோம், போக்குவரத்தையும் நிறுத்தமாட்டோம். கை நனைப்பதை மட்டும் நிறுத்திவிடுவோம். அன்றிலிருந்து அக்கா என் வீட்டு விசேஷங்களுக்கு வருவாள், மொய் செய்வாள், பந்தி போடுவதற்குள் கிளம்பிவிடுவாள். குடிக்கத் தண்ணீர்கூடப் பாட்டிலில் கொண்டுவருவாள். நானும் அவள் வீட்டில் அப்படித்தான். ஆனால் மூன்றாம் மனிதர் வீட்டுக் கல்யாணம் என்றால் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்காருவோம். அது வேறு ஒருவர் போடுகிற சோறு, அதற்கும் எங்கள் வழக்குக்கும் சம்பந்தமில்லை. பொதுச் சோற்றுக்குத் தடையே கிடையாது. வெளியூர்க்காரருக்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியும். எங்களுக்குப் பதினோரு வருடம் இது விளையாட்டாக இல்லை.

இதற்கிடையில் அந்த மருந்துக் கடைப் பையன் படித்து, ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் நல்ல உத்தியோகத்துக்குப் போய், அங்கேயே கல்யாணம் செய்து, பிள்ளையும் பிறந்தது. பிள்ளையைப் பார்க்க அம்மாவைக் கூப்பிட்டான். எனக்குப் போன் செய்தான்.

“மாமா, நீங்க நாக்பூருக்குப் போற அன்னைக்கே அம்மாவுக்கும் டிக்கெட் போட்டுருக்கேன். சென்னை வரைக்கும் ஒரே பிளைட்டு. அங்க நாலு மணி நேரம் காத்துக்கிடக்கணும். அவுகளுக்கு எல்லாம் புதுசு. கொஞ்சம் கூட இருந்து ஏத்தி விட்ருங்க மாமா.”

அவன் என்னிடம் கோபத்தை வைத்துக்கொள்ளவில்லை. அதுவே எனக்குச் சுருக்கென்றது.

முந்தின நாள் அக்கா கூப்பிட்டாள். “ரெண்டு புளிச்சோத்துப் பொட்டணம் கட்டிட்டு வரவா? வழியில பசிக்கும்ல?”

“அதெல்லாம் உள்ள விட மாட்டாக அக்கா. அங்கேயே எல்லாம் இருக்கு, நீ கைய வீசிட்டு வா” என்றேன். புளிச்சோற்றை யாரும் தடுக்கமாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அக்கா லவுஞ்சில் பொட்டலத்தைப் பிரித்தால் எனக்கு மானக்கேடு என்று ஒரு நினைப்பு. அதைவிட, அங்கே வைத்து அவளைச் சாப்பிட வைத்துவிடலாம், பதினோரு வருடத்து வழக்கு ஒரு தட்டில் முடிந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு திட்டமும் இருந்தது.

காலையில் முதல் பஸ்ஸில் அருப்புக்கோட்டை வந்தாள். என் காரில் ஏற்றிக்கொண்டேன். காரியாபட்டி தாண்டும்போது, டீ குடிக்கலாமா என்று கேட்டேன். விமானத்தில் வாந்தி வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், வேண்டாம் என்றாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும்தான். விமானத்தில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். வாந்தி வரவில்லை. கீழே கண்மாய்களைப் பார்த்து, “எல்லாம் வத்திக் கெடக்கேடா” என்றாள். சின்ன வயதில் என்னோடு பேசுகிற குரலில் பேசினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சென்னையில் இறங்கியபோது மணி பத்தரை. அடுத்த விமானம் அவளுக்கு இரண்டரைக்கு. எனக்கு அதற்குப் பிறகு. லவுஞ்சு வாசலில் இருந்த பெண் என் கார்டைத் தேய்த்துவிட்டு, “இவங்க உங்க கெஸ்டா சார்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஆளுக்கு இரண்டு ரூபாய் பிடித்தார்கள். எங்கும் அதுதான் வழக்கம். மீதியை பாங்க்காரன் பார்த்துக்கொள்வான்.

உள்ளே நல்ல வாசனை. அக்கா கூச்சத்தோடு சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். வரிசையாக மூடி வைத்த பாத்திரங்கள், பக்கத்தில் அடுக்கிய தட்டுகள். அவளாகவே போய் ஒரு தட்டை எடுத்தாள். நான் சொல்லி எடுக்கவில்லை. அவளாகவே எடுத்தாள். இட்லிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து, இடுக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

“ஏன்டா, இது யாரு போடுற சோறு?”

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என் வாயில் தயாராக இருந்தது. கார்டு கொடுத்தவன் போடுகிறான், எல்லோருக்கும் போடுகிறான், கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது போதவில்லை. யாரோ போட்ட சோற்றைத் தின்று அவள் பசியாறுவதில் எனக்கு என்ன இருக்கிறது? அவள் என் சோற்றைத் தின்ன வேண்டும். பதினோரு வருடமாக என் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவள், இன்றைக்கு நான் போட்டதைத் தின்ன வேண்டும். தம்பி பெரிய ஆள் என்றும் அவளுக்குத் தெரிய வேண்டும்.

“எல்லாம் என் கணக்குத்தாங்கா. நாந்தான் போடுறேன். நீ வேணுங்கிறத எடுத்துச் சாப்பிடு” என்றேன்.

அக்கா இடுக்கியை இருந்த இடத்தில் வைத்தாள். மூடியைச் சத்தமில்லாமல் மூடினாள். தட்டை அடுக்கின் மேல் திரும்ப வைத்தாள். “வயிறு ஒரு மாதிரி இருக்குடா, நீ சாப்பிடு” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நாலு ரூபாய்தான் அக்கா என் காசு, மற்றதெல்லாம் ஊரான் வீட்டுச் சோறு என்று சொல்லிச் சிரித்திருந்தால் அவளும் சிரித்திருப்பாள். எனக்கு வந்தது சிரிப்பு இல்லை, கோபம். இவ்வளவு தூரம் கூட்டிவந்தும் பிடிவாதம் விடவில்லையே என்று கோபம். இரண்டு இட்லி, ஒரு வடை, உப்புமா எல்லாம் அள்ளிப்போட்டுக்கொண்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகக் குற்றம் சொன்னேன். இட்லி நேற்றைய இட்லி. வடையைப் பிழிந்தால் ஒரு கரண்டி எண்ணெய் வரும். சட்னியில் தேங்காயைக் காணோம். நீ சாப்பிடாததே நல்லது, வாய்க்கு விளங்காத சோறு என்று அவளுக்கு ஆறுதல் சொல்வது போலச் சொன்னேன். வாய்க்கு விளங்காத சோற்றுக்காக மூன்று முறை எழுந்து போனேன்.

அக்கா ஓடுகிற விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி வாக்கில் பாட்டிலில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. எங்கள் மேஜைக்குப் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. அவள் காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடி வழியே பார்த்தேன். கழிப்பறைப் பக்கம் இருந்த பொதுக் குழாயில் பிடித்து, அங்கேயே நின்று முழுப் பாட்டிலையும் குடித்துவிட்டு, மறுபடியும் நிரப்பிக்கொண்டு வந்தாள். முழங்கால் வலி அவளுக்கு. தாங்கித் தாங்கித்தான் நடந்தாள். அதைப் பார்த்தும் நான் காபி எடுக்கப் போனேன்.

இரண்டு மணிக்கு அவளை விமானம் ஏறும் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். “பாத்துப் போடா, பஞ்சு நல்லதா எடு” என்றாள். அவள் உதடு காய்ந்திருந்தது.

நாக்பூரில் இறங்கியதும் அக்கா மகன் கூப்பிட்டான். “அம்மா வந்ததும் வராததுமா ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாக மாமா. லவுஞ்சுல அவுகளுக்கு ஒண்ணும் கெடைக்கலயா?”

அவள் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அங்க சாப்பாடு சுத்தமா நல்லா இருக்காது மாப்ள. அக்காவுக்கு ஒத்துக்கிராதுனு நாந்தான் விட்டுட்டேன்” என்றேன். அந்த இட்லியின் மேல் பழியைப் போட்டேன். உண்மையில் அன்றைய இட்லி அவ்வளவு மோசமில்லை.

அந்தப் பொய்யை விழுங்க முடியாமல் பல மாதம் கிடந்தேன். எந்த லவுஞ்சுக்குள் போனாலும் தட்டு அடுக்கிய இடத்தைக் கண்டால் கால் நின்றுவிடும். ஆலையில் லவுஞ்சுக் கதை அளப்பதையும் விட்டுவிட்டேன். அக்கா ஊர் திரும்பவில்லை. முழங்கால் மோசமாகி, படியேற முடியாமல், மகனோடு அங்கேயே தங்கிவிட்டாள். திருச்சுழி வீட்டைத் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டாயிற்று.

போன பொங்கல் அன்று நானாகவே கூப்பிட்டேன். நல்லது கெட்டது பேசி முடித்த பிறகு சொல்லிவிட்டேன்.

“அக்கா, அன்னைக்கு லவுஞ்சுல, அது என் சோறு இல்லக்கா. பாங்க்காரன் எல்லாருக்கும் போடுறது. நான் சும்மா பெருமைக்குச் சொன்னேன்.”

 

“ஏலே, நான் அதத்தானடா கேட்டேன்” என்றாள். “பொதுச் சோறுனு ஒரு வார்த்த சொல்லிருந்தா உங்கூட உக்காந்து தின்னுருப்பேன்ல. தின்னுக்கிட்டே உங்கிட்ட ஒண்ணு பேசணும்னு நெனச்சுத்தான் தட்டையே எடுத்தேன்.”

“என்ன பேச நெனச்சக்கா?”

“மறந்து போச்சுடா. இம்புட்டு நாளாச்சுல்ல. விடு.”

பேரன் எழுந்துவிட்டான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். என் அக்காவுக்கு எதுவும் மறக்காது. நான் எந்த வகுப்பில் எந்தக் கணக்குக்கு அடி வாங்கினேன் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும்.